எதற்குத் தேவல?

போன மாதம் ரம்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபின் கள்ளக்குறிச்சி ஆராய்ச்சிப் பிரிவில் என் நாற்காலிக்கு வந்த பெண்.

"அக்கா, டேப்ல அஞ்சு மூஞ்சி வெச்சிருக்கோம். அழுவுற மூஞ்சியில ஆரம்பிச்சி சிரிக்கிற மூஞ்சி வரைக்கும். முட்டி வலி எப்பிடி இருக்குதோ அந்த மூஞ்சிய தொடுங்கன்னா, அத்தினி பேரும் சிரிக்கிறதையே தொடுறாங்க. இன்னாக்கா பண்றது?"

"ஏன் தொடுறாங்கன்னு கேட்டியா?"

"கேட்டேன். வெள்ளிக்கெழமையும் அதுவுமா அழுவுற மூஞ்சியப் போய் தொட சொல்றியேன்னு என்னையே திட்டுறாங்க."

நான் சிரித்த சிரிப்பில் அடுப்பிலிருந்த பால் பொங்கி வழிந்தே போய்விட்டது. வலியை அளப்பது என்பது அப்படிப்பட்ட வேலை. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று கருவி சொல்லிவிடும். முட்டியில் வலி எவ்வளவு என்பதை முட்டிக்குச் சொந்தக்காரர்தான் சொல்லவேண்டும். அவர் சொல்வதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். "நீங்க பட்டதை எழுதுங்கக்கா, எங்களுக்கு உதவும்" என்றாள் ரம்யா. எழுதுகிறேன். உதவுமோ என்னவோ, சிரிக்கலாம்.

நான் ரிஷிவந்தியம் பக்கத்துக்காரி. பெயர் மல்லிகா. கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பத்திலிருந்து சேலத்துக்குப் போய் லேப் டெக்னீஷியன் படிப்பு படித்தேன். சின்னசேலத்தில் பஸ்ஸைப் பிடிக்க ஓடிய ஓட்டம்தான் அந்தப் படிப்பில் இன்றுவரை எனக்கு மறக்காத பாடம். அதன்பின் பல வருடங்கள் ரத்தம், சளி, சிறுநீர் என்று கண்ணாடிச் சில்லுகளோடு குடும்பம் நடத்தினேன். வேலையின் கடைசிப் பகுதியில்தான் மூட்டுத் தேய்மானப் பிரிவுக்கு மாற்றினார்கள். சில்லு பேசாது. முட்டி வலிக்காரர்கள் பேசுவார்கள். அம்மாடி, எவ்வளவு பேசுவார்கள்!

அங்கே ஒரு மரத்துப் பிசினை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். கல்வராயன் மலையில் பட்டையைக் கீறினால் பால் மாதிரி வடிந்து உறையும். குங்கிலியம் என்பார்கள், பறங்கிச் சாம்பிராணி என்றும் சொல்வார்கள். அதிலிருந்து பிரித்தெடுக்கிற ஒரு சத்து மூட்டு வீக்கத்தைத் தூண்டுகிற ஒரு நொதியை அடக்குகிறது என்று சோதனைக் குழாயில் தெரிந்திருந்தது. குழாய்க்கு முட்டி கிடையாதே. மனுஷ முட்டியில் அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான் எங்கள் பிரிவு. பாதிப் பேருக்கு மருந்து வைத்த கேப்சூல், பாதிப் பேருக்கு வெறும் மாவு வைத்த கேப்சூல். பாட்டிலில் எண் மட்டும் இருக்கும். யாருக்கு எது என்பது சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. வேறு ஊரில் ஓர் உறைக்குள் அந்த ரகசியம் தூங்கிக்கொண்டிருக்கும்.

டாக்டர் இளங்கோவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகமுடியாது. எலும்பு மருத்துவர், எங்கள் பிரிவின் தலைவர், ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் அவர் வறுத்த வேர்க்கடலை வைத்திருப்பார். அவரிடம் ஒரு விசித்திரம் உண்டு. நல்ல செய்தி சொன்னால் முகம் தொங்கிவிடும்; கெட்ட செய்தி சொன்னால் எல்லாருக்கும் டீ சொல்வார். "சார், ஒருத்தர் கேப்சூல முழுங்கவே இல்ல, கோழிக்குப் போட்டுட்டாராம்" என்று நான் நடுங்கிக்கொண்டே சொன்னால், "அப்பிடியா! உக்காருங்க மல்லிகா, டீ சாப்புடலாம். கோழி எப்பிடி நடக்குது?" என்பார். "சார், எல்லாரும் நல்லா இருக்காங்க" என்றால் வாய்க்குப் போன கடலை பைக்கே திரும்பிவிடும். "எல்லாருமா?" என்பார், சாவுச் செய்தி கேட்டவர் மாதிரி. ஆள் ஒருமாதிரி என்று முதல் மாதத்திலேயே முடிவுகட்டிவிட்டேன்.

கேள்வித்தாள் வெளிநாட்டிலிருந்து வந்தது. யாரோ புண்ணியவான் வார்த்தைக்கு வார்த்தை தமிழாக்கியிருந்தார். 'காலுறை அணியும்போது வலிக்கிறதா?' என்று கேட்டேன். "காலுக்கு ஒறையா? நாங்க தலகாணிக்குத்தான் சிஸ்டரு ஒற போடுவோம்" என்றார்கள். 'குளியல் தொட்டியில் இறங்கும்போது?' என்று கேட்டேன். "தொட்டி மாட்டுக்குங்க" என்றார் ஒரு பெரியவர், கோபமாகவே. அதோடு ஒரு கோடு. ஒரு முனை வலியே இல்லை, மறுமுனை தாங்கவே முடியாத வலி, இடையில் உங்கள் வலி எங்கே என்று ஒரு புள்ளி வைக்கவேண்டும். ஓர் அம்மா வரிசையாகப் புள்ளி வைத்துக் கோலத்துக்கு இழை இழுக்க ஆரம்பித்துவிட்டாள். இன்னொருத்தி கோட்டைத் தாண்டி மேசைமேல் புள்ளி வைத்துவிட்டு, "காகிதம் பத்தல" என்றாள். இதையெல்லாம் சொன்ன அன்று டாக்டர் டீயோடு பஜ்ஜியும் சொன்னார். உறை, தொட்டி எல்லாம் போய், தரையில் உட்கார்ந்து எழுவது, படி இறங்குவது, பஸ் ஏறுவது என்று எங்கள் ஊர்க் கேள்விகள் வந்தன.

மலையடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து எங்கள் வேனில் ஒரு கூட்டம் வரும். பாதிப் பேர் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்கள், பாதிப் பேர் அக்கம்பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண்கள். எல்லாருக்கும் களை பறித்தும் கரும்பு வெட்டியும் தேய்ந்த முட்டி. ஆனால் வேன் வந்து நிற்கும்போது பார்க்கவேண்டும்! தலை நிறையப் பூ, நல்ல சேலை, தூக்குச் சட்டியில் அவித்த மரவள்ளிக் கிழங்கு. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களா, கல்யாணத்துக்கு வருகிறவர்களா என்று தெரியாது. சோதனை முடிந்ததும் கடைத்தெருவில் ஒரு சுற்று, பரோட்டா, வளையல் பேரம், அப்புறம்தான் ஊர். கூட்டத்துக்குத் தலைவி கித்தேரியம்மாள். அறுபதைத் தாண்டியவர், கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். அவர் பக்கத்தில் எப்போதும் பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு, ஒல்லிக்குச்சி. எனக்குச் 'சிஸ்டரு' என்று பெயர் வைத்ததே கித்தேரியம்மாள்தான். நெற்றியில் பொட்டு வைத்த கன்னியாஸ்திரி என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

முதல் குண்டைப் போட்டதும் அவர்தான். பாட்டிலை வாங்கியதும் மூடியைத் திறந்து முகர்ந்தார். "அட, கோயிலு வாசன! பூசையில சாம்பிராணி போட்டா மாதிரியே இருக்குதுடி!" உடனே எல்லா மூடியும் திறந்தது. வேனுக்குள் முகராத மூக்கு இல்லை. பாதிப் பாட்டிலில் கோயில் வாசனை, பாதியில் ஒன்றுமில்லை. "எனக்கு வாசன வரல சிஸ்டரு, வேற குடு" என்று சின்னப்பொண்ணு பிடித்துக்கொண்டாள். "நான் மாதா கோயிலுக்குப் போவாதவன்னு எனக்கு மட்டும் கம்மி பண்ணிட்டியா?" யாருக்கு மருந்து, யாருக்கு மாவு என்ற பரம ரகசியம் மூக்கு வழியாக ஊருக்கே தெரிந்துபோயிற்று!

டாக்டரிடம் அழாத குறையாகச் சொன்னேன். மனிதர் எழுந்து நின்று மேசையைத் தட்டினார். "பிரமாதம் மல்லிகா! ஆரம்பத்திலயே தெரிஞ்சிது பாருங்க!" அன்றைக்குப் பிரிவு முழுவதற்கும் டிபன். பழைய பாட்டில்களை எல்லாம் திரும்ப வாங்கினோம். புதுப் பாட்டில்களில் மூடிக்குள் கொஞ்சம் பிசினைத் தடவி, மாவும் மருந்தும் ஒன்றேபோல் மணக்கச் செய்து, எண்களையும் புதிதாகக் குலுக்கிப் போட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம். சின்னப்பொண்ணு புதுப் பாட்டிலை முகர்ந்துவிட்டு, "இப்பத்தான் என்னியும் ஞானஸ்நானம் பண்ணி சேத்துகினாங்க" என்று அறிவித்தாள். கித்தேரியம்மாள் சிரித்த சிரிப்பில் வேன் குலுங்கியது.

அதன்பின் எல்லாம் ஒழுங்காக ஓடியது. அதுதான் வினை. ஒவ்வொரு வருகையிலும் கேட்பேன், "வலி எப்பிடி இருக்குது?" எல்லாரும் ஒரே பதில்: "தேவலங்க." எங்கள் பக்கத்தில் காய்ச்சல்காரரைக் கேட்டாலும் தேவல, கை ஒடிந்தவரைக் கேட்டாலும் தேவல. முன்னைவிடப் பரவாயில்லை என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு 'குறைந்துள்ளது' என்ற கட்டத்தில் குறி போட்டுக்கொண்டே போனேன். மாதங்கள் ஓடின. பக்கம் பக்கமாகக் 'குறைந்துள்ளது'. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நம் மலைப் பிசின் ஜெயித்துவிட்டது என்று வீட்டில்கூடச் சொல்லிவிட்டேன்!

டாக்டர் அந்தக் காகிதங்களைப் பார்க்கப் பார்க்க இளைத்துப்போனார். கடலை தின்பதையே நிறுத்திவிட்டார்.

"பாதிப் பேர் மாவு சாப்புடுறாங்க மல்லிகா. மாவுக்கும் வலி குறையும், சில பேருக்கு. எல்லாருக்குமா குறையும்?"

"நம்ம ஜனங்க நல்லவங்க சார்."

"அதான் பயமா இருக்குது" என்றார்.

அடுத்த தடவை அவரே என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதலில் கித்தேரியம்மாள். வலி எப்படி என்று கேட்டேன். "தேவல சிஸ்டரு." நான் குறி போடப் போனேன். டாக்டர் என் பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

"எதுக்குத் தேவலங்கம்மா?"

"இன்னா சார்?"

"தேவலன்னு சொன்னீங்களே. எதுக்கு இது தேவல?"

கித்தேரியம்மாள் அவரைப் பாவமாகப் பார்த்தார், இதுகூடத் தெரியாமல் டாக்டருக்குப் படித்திருக்கிறாரே என்று. "எங்க மாமியாருக்கு வந்ததுக்கு இது தேவலங்க சார். அது படுத்த படுக்கையா கெடந்து போய் சேந்துச்சி. நான் நடந்துகினு இருக்கறேனே!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழுந்து வராந்தாவுக்கு ஓடினேன். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகக் கேட்டேன், எதுக்குத் தேவல, எதுக்குத் தேவல என்று.

"போன வருசம் பல்லு வலி வந்துது பாரு, அதுக்கு இது தேவல."

"எங்க வூட்டுக்காரு முதுகுக்கு இது தேவல."

"கித்தேரி முட்டிக்கு என் முட்டி எவ்ளோ தேவல!"

"செத்துப் போறதுக்கு இது தேவல இல்ல சிஸ்டரு?"

சின்னப்பொண்ணு நிதானமாக யோசித்துவிட்டு, "எதுக்குன்னு இல்ல. நீ நல்ல பொண்ணு. வலிக்குதுன்னா உன் மூஞ்சி வாடிப்பூடுது, அதுக்கு இது தேவல" என்றாள்.

சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தேன். அழுகையும் வந்தது, சிரிப்புதான் ஜெயித்தது. ஒரே வார்த்தைக்குள் பல்வலியும் மாமியாரும் சாவும் என் மூஞ்சியும் குடியிருந்திருக்கின்றன! நான் எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் அடைத்து மருந்தின் கணக்கில் சேர்த்திருக்கிறேன். உள்ளே டாக்டர் மேசையில் தலைவைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தார். பயந்துபோய்க் கிட்டே போனால், சிரிப்பு. "டீ சொல்லுங்க மல்லிகா, எல்லாருக்கும். பெஞ்சுல இருக்கிற எல்லாருக்கும்."

அன்று மத்தியானமே புது முறை தயாரானது. வலி எப்படி என்று யாரையும் கேட்கவே கூடாது. 'முட்டியால உங்களுக்கு எந்த வேல ஓடல?' என்று மட்டும் கேட்கவேண்டும். சொல்கிற அந்த ஒரு வேலையை எழுதிக்கொண்டு, ஒவ்வொரு வருகையிலும் அதைச் செய்யமுடிகிறதா என்று பார்க்கவேண்டும். முடிந்தால் எங்கள் முன்னாலேயே செய்துகாட்டச் சொல்லவேண்டும். பழைய பதில்களை ஓரம்கட்டிவிட்டு, நடந்ததை மேலிடத்துக்கு எழுதி அனுமதி வாங்கினார் டாக்டர். ஒருத்தி குத்துக்காலிட்டுக் கிழங்கு உரிக்க முடியவில்லை என்றாள். ஒருத்திக்குக் கோயிலில் முழங்கால் போட முடியவில்லை. சின்னப்பொண்ணுக்கு வரப்பிலிருந்து வயலில் இறங்க முடியவில்லை. எங்கள் அறை அதன்பின் சர்க்கஸ் கூடாரம்தான். ஒருபக்கம் கிழங்கு உரிப்பார்கள், ஒருபக்கம் முழங்கால் போடுவார்கள், மூலையில் மரப்பலகை வைத்து வரப்பு!

கித்தேரியம்மாள் மட்டும் பிடி கொடுக்கவில்லை. "எனக்கு எல்லா வேலையும் ஓடுது சிஸ்டரு, நீ அடுத்த ஆளைக் கேளு." நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து காட்டச் சொன்னால், "இன்னிக்கு விரதம்" என்பார். டாக்டருக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. அடுத்த முறை வேன் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நின்றுகொண்டார், நானும் நின்றேன். எல்லாரும் இறங்கினார்கள். கடைசியில் கித்தேரியம்மாள். உள்ளேயிருந்து இரண்டு பேர் முதுகைத் தள்ள, கீழேயிருந்து சின்னப்பொண்ணு இரண்டு கையாலும் இடுப்பைத் தாங்க, 'ஏலேலோ' போட்டுச் சிரித்துக்கொண்டே ஒரு மூட்டையை இறக்குவதுபோல் இறக்கினார்கள். இறங்கி நின்றதும் அவர் முகத்தில் ரத்தமே இல்லை. எங்களைப் பார்த்ததும் சட்டென்று சிரித்தார்.

அன்றே எக்ஸ்ரே எடுத்தோம். வலது முட்டியில் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே இடமே இல்லை. கால் வெளிப்பக்கமாக வளையத் தொடங்கியிருந்தது.

"இதுக்கு மாத்திரை பத்தாதும்மா" என்றார் டாக்டர். "குருத்தெலும்பு மொத்தமும் தேஞ்சிடுச்சு. இப்படியே விட்டா கால் இன்னும் வளையும், அப்புறம் ஆபரேஷன் பண்ணாலும் நேராக்கறது கஷ்டம். இப்பவே மூட்டு மாத்தணும். நாங்க உங்களை இதுலருந்து விடுவிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறோம்."

அந்தக் கனத்த குரல் காணாமல்போயிற்று. "என்னை வண்டியவுட்டு எறக்கிடாதீங்க சார்."

"எதும்மா?"

"மொதல் நாளே படிச்சிக் காட்டினீங்களே. வலி ஜாஸ்தி ஆனா இதுலருந்து எடுத்துருவோம்னு. அதான் நான் வலிக்குதுன்னு சொல்லல. ஆபரேஷனுக்கு நான் பயப்புடல சார். எனக்குக் கல்யாணத்துக்கு ஒரு வண்டி வந்துது. அப்புறம் இந்த வண்டிதான். நடுவுல ஒண்ணியும் இல்ல. காடு, வூடு, காடு. ஜன்னலோரம் உக்காந்துகினு, இவளுங்களோட பேசிகினு வர்றேனே, அதுக்கு முட்டி போனா போவுது."

சின்னப்பொண்ணு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆய்வில் இல்லாதவரை வேனில் ஏற்ற விதியில் இடம் கிடையாது, விதியை மீறுகிற மனிதரும் அவர் கிடையாது. விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார். திடீரென்று ஒரு பக்கத்தில் விரலை வைத்து, முதல் ராங்க் வாங்கிய பிள்ளை மாதிரி கத்தினார்: "துணைக்கு வருபவர்! ஒவ்வொருத்தருக்கும் ஒரு துணையாள் வரலாம்! சின்னப்பொண்ணுக்குத் துணை யாரு?"

"எனக்கு எதுக்கு சார் தொணை?" என்றாள் சின்னப்பொண்ணு. அப்புறம் புரிந்துவிட்டது. "ஆமா சார், எனக்குத் தனியா வர பயம். பயம்னா பயம் இல்ல, அவ்ளோ பயம்! கித்தேரி வந்தாத்தான் வருவேன்."

"என்னை இத்தினி நாளு தூக்கிப் போட்டவளுக்கு நான் தொணையா?" என்று கித்தேரியம்மாள் கேட்டார். குரல் திரும்பிவிட்டது. "ஆபரேஷனை எப்ப சார் வெச்சிக்கலாம்?"

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முதலில் நடைவண்டி, பிறகு கைத்தடி, பிறகு வெறும் கை. நடுவில் ஒரு வருகையைக்கூட அவர் விடவில்லை, ஜன்னலோரம் அவருக்குத்தான்.

உறை பிரித்த நாளும் வந்தது. பிசின் என்ன செய்தது? தேய்மானம் இப்போதுதான் தொடங்கியவர்களில் சிலருக்கு, மாவைவிட அது கொஞ்சம் கூடுதலாகக் கைகொடுத்தது போலத் தெரிந்தது. கிழங்கு உரித்தவள் நன்றாகவே உரித்தாள், முழங்கால் போட்டவள் பூசை முழுக்கப் போட்டாள். முற்றிய தேய்மானத்துக்கு அது ஒன்றும் செய்யவில்லை. இன்னும் பெரிதாக, இன்னும் பல இடங்களில் பார்க்காமல் யாரும் எதுவும் சொல்லக்கூடாது என்று எழுதித்தான் டாக்டர் அனுப்பினார். நானும் அதையே சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் சாம்பிராணியைத் தின்ன ஓடவேண்டாம். கித்தேரியம்மாள் சாப்பிட்டது மருந்தா, மாவா? அசல் மருந்துதான். கேட்டதும் அவருக்கு ஒரே ஆச்சரியம். "நெசமான மருந்துக்கே டிமிக்கி குடுத்திருக்கறேன் பாரு!"

எங்கள் பிரிவுக்கு வேன் இருந்த கடைசி நாளில், முறையான அனுமதியோடு எல்லாரையும் கல்வராயன் மலைக்குக் கூட்டிப்போனார் டாக்டர், அந்த மரத்தைக் காட்ட. வளைவுக்கு வளைவு கூச்சல். ஒருத்திக்கு வாந்தி, அதற்கும் கூச்சல். மலையில் வண்டி நின்ற இடத்திலிருந்து ஒரு மேடு ஏறவேண்டும். காகிதம்போல் பட்டை உரிந்து, சாம்பல் நிறத்தில் ஒரு மரம், வேறு ஒரு விசேஷமும் இல்லை. "இதுக்கா இத்தினி கூத்து?" என்றாள் சின்னப்பொண்ணு.

கித்தேரியம்மாள் கிட்டே போய்ப் பட்டையில் மூக்கை வைத்து முகர்ந்தார். பிறகு அடிமரத்தில் உள்ளங்கையால் படார் என்று ஒன்று போட்டார்.

"உன்னால எனக்கு ஒண்ணியும் ஆவல. ஆனா உன்னைத் தின்னப் போவலன்னா நான் ஆஸ்பத்திரி வாசப்படிய மிதிச்சே இருக்க மாட்டேன். நல்லா இரு போ."

நாங்கள் மரத்தைச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். மேடு ஏறுவதுகூடப் பரவாயில்லை, இறங்குவதுதான் தேய்ந்த முட்டிக்குச் சித்திரவதை என்று அந்தக் கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆளாளுக்குச் சேலையைத் தூக்கிச் செருகி, பக்கத்தில் இருப்பவளின் தோளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கித்தேரியம்மாளைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தேன். எங்கள் எல்லாருக்கும் முன்னால், யார் கையையும் பிடிக்காமல், ஒவ்வொரு அடியாக வைத்து அவர் சரிவில் இறங்கிப் பாதித் தூரம் போயிருந்தார். கீழேயிருந்து அந்தக் கனத்த குரல் மலையில் மோதி வந்தது.

"வாங்கடி கெழவிங்களா! ஜன்னலோரம் புடிக்கணும்!"